லேப்டாப் ஆன் ஆகல, ஓஎஸ்ஸும் ஏற மாட்டேங்குது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க, எதிர் வீட்டுப் பசங்கன்னு யாருக்கு லேப்டாப் மக்கர் பண்ணாலும் எனக்கு ஒரு போன் வந்துடும், வருஷக்கணக்கா பாத்ததுல கேள்விங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு ஆயிடுச்சு, அதான் மொத்தமா எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன். பெரும்பாலும் விண்டோஸ் ஓஎஸ் (லேப்டாப்பை ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர்) இருக்குற லேப்டாப் பத்தித்தான். அவசரத்துல இருக்கீங்கன்னா முதல் கேள்வியை மட்டுமாவது படிச்சிட்டு அப்புறம் லேப்டாப்ல கை வைங்க.

ஃபார்மட் போட்டா சரியாயிடும்னு கடையில சொல்றாங்க. போட்டுடலாமா?

இப்ப வேணாம். ஃபார்மட்ங்கிறது டிஸ்க்ல இருக்குறதை அழிச்சுட்டு புதுசா போடுறது, அது கடைசியா செய்யுற வேலை. விண்டோஸை எப்ப வேணா திரும்ப ஏத்திக்கலாம், காசு இருந்தா லேப்டாப்பே புதுசா வாங்கிக்கலாம், உள்ள இருக்குற போட்டோவும் ப்ராஜெக்ட்டும் கணக்கு ஃபைலும் எந்தக் கடையிலயும் கிடைக்காது.

எங்க பெரிய மாமா லேப்டாப் ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் ரிப்பேர் ஸ்க்ரீன்லயே சுத்திக்கிட்டு இருந்துச்சு, நான் ஊர்ல இல்ல, அவரு தெரிஞ்ச ஒரு கடையில குடுத்துட்டாரு, அவங்க ஒரு வார்த்தை கேக்காம மொத்தமா ஃபார்மட் போட்டு சாயங்காலமே பளிச்சுனு திருப்பிக் குடுத்துட்டாங்க. தாத்தாவோட சதாபிஷேக போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு. நான் வந்து ரெண்டு ராத்திரி ரிக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டிப் பாத்தேன், ஒண்ணு கூட வரல. பழைய ஹார்ட் டிஸ்க்னா அழிச்ச ஃபைல் மேல வேற எதுவும் எழுதாத வரைக்கும் கொஞ்சமாவது மீட்கலாம், ஆனா சுத்துற தட்டு இல்லாம சிப்லயே ஃபைலை வெக்கிற எஸ்எஸ்டில ட்ரிம்னு ஒரு வசதி இருக்கு, அழிச்ச இடத்தை டிரைவே பின்னால சுத்தமா காலி பண்ணி வெச்சிடும், அதுக்கப்புறம் தேடுறதுக்கு அங்க ஒண்ணுமே இருக்காது. அந்த அப்டேட்டை மட்டும் கழட்டியிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அதனால கடையில குடுத்தாலும் 'ஃபைல் எடுக்காம எதுவும் செய்யாதீங்க'ன்னு ஒரு பேப்பர்ல எழுதி லேப்டாப் மேலயே ஒட்டிக் குடுங்க.

சரி, அப்ப எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க. பவர் பட்டன் அமுக்குனதும் முதல்ல லைட் எரியும், ஃபேன் சுத்தும், அப்புறம் கம்பெனி லோகோ வரும், அதுக்கு அப்புறம் விண்டோஸ் வட்டம் சுத்தும், கடைசியா பாஸ்வேர்டு கேக்கும். லைட்டே எரியலன்னா அது கரண்ட் விஷயம், ஓஎஸ்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. லைட் எரியுது லோகோ வரலன்னா ரேம் (வேலை ஓடும்போது மட்டும் பயன்படுற மெமரி), டிஸ்ப்ளே, இல்ல மதர்போர்டு. லோகோ வந்து நிக்குதுன்னா டிஸ்க்கா இருக்கலாம். வட்டம் சுத்திக்கிட்டே இருந்தாத்தான் விண்டோஸ் மேல சந்தேகமே வரணும். போன்ல என்கிட்ட 'ஓப்பன் ஆகல'ன்னு மட்டும் சொன்னா நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வியே எது வரைக்கும் வந்துச்சுன்னுதான்.

லைட்டே எரியல, செத்த மாதிரி கிடக்கு.

சார்ஜரை வேற ப்ளக்ல போட்டுப் பாருங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணாம், நேரா சுவத்துல. சார்ஜர் கல்லுல, அதாவது நடுவுல இருக்குற அந்த கருப்பு டப்பால லைட் இருந்தா எரியுதான்னு பாருங்க. வேற சார்ஜர் கடன் வாங்கினா வோல்ட் ஒண்ணா இருக்கணும், வாட்ஸ் குறையக் கூடாது, கூட இருந்தா பரவாயில்ல, பின்னாடி ஸ்டிக்கர்லயே 19.5 வோல்ட், 65 வாட்ஸ்னு போட்டிருக்கும். டைப் சி சார்ஜர்னா போன் சார்ஜரைக் குத்திட்டு ஏறலன்னு பயப்படாதீங்க, சின்ன போன் சார்ஜரோட பவர் பல லேப்டாப்புக்குப் பத்தாது.

அதுவும் இல்லன்னா சார்ஜரைக் கழட்டிடுங்க, பென்டிரைவ் மவுஸ் எல்லாத்தையும் புடுங்கிடுங்க, பேட்டரி வெளியில கழட்டுற டைப்னா அதையும் கழட்டிட்டு பவர் பட்டனை முப்பது செகண்ட் விடாம அமுக்கிப் பிடிங்க. உள்ள தங்கியிருக்குற கொஞ்சநஞ்ச கரண்ட் வடிஞ்சிடும். அப்புறம் சார்ஜர் மட்டும் போட்டு ஆன் பண்ணுங்க. கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும், ஆனா 'போர்டு போயிடுச்சு'ன்னு எங்கிட்ட வந்த லேப்டாப் பல தடவை இதுலயே எழுந்து உக்காந்திருக்கு.

டச்பேட் மேல தூக்கிக்கிட்டு நிக்குது, மூடி சரியா மூடல. அதனால ஆன் ஆகலையா?

பேட்டரி உப்பியிருக்கு. ஆன் பண்ணாதீங்க, சார்ஜ் போடாதீங்க, அமுக்கி சரி பண்ணப் பாக்காதீங்க, ஓட்டை விழுந்தா தீ பிடிக்கலாம். பேட்டரியை மாத்துறவங்ககிட்ட எடுத்துட்டுப் போங்க, மத்தது எல்லாம் அப்புறம்.

ஃபேன் சுத்துற சத்தம் கேக்குது, ஸ்க்ரீன் மட்டும் கருப்பு.

கேப்ஸ் லாக் அமுக்குங்க. அந்த குட்டி லைட் எரிஞ்சு அணைஞ்சா லேப்டாப் உயிரோடதான் இருக்கு, டிஸ்ப்ளேலதான் தகராறு. ரூம் லைட்டை அணைச்சிட்டு போன் டார்ச்சை ஸ்க்ரீன்கிட்ட சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, மங்கலா லோகோவோ எழுத்தோ தெரிஞ்சா ஸ்க்ரீனுக்கு வெளிச்சம் தர்ற பேக்லைட்தான் போயிருக்கு. ஹெச்டிஎம்ஐ ஒயர்ல வீட்டு டிவியில போட்டுப் பாருங்க. அதுல படம் வந்தா முதல்ல உக்காந்து ஃபைலை எல்லாம் காப்பி பண்ணிடுங்க, பேனல் மாத்துறதைப் பத்தி நாளைக்கு யோசிக்கலாம்.

விண்டோஸ் வரைக்கும் வந்து கருப்பாச்சுன்னா விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேத்து அமுக்குங்க, கிராபிக்ஸ் டிரைவர் ரீஸ்டார்ட் ஆகும், சில சமயம் உடனே படம் வந்துடும்.

கேப்ஸ் லாக்கும் எரியல, இல்லன்னா விட்டு விட்டு மின்னுது, பீப் சத்தம் வருது.

அந்த மின்னுறதும் பீப்பும் லேப்டாப் சொல்ற கோட். எத்தனை தடவைன்னு எண்ணி உங்க மாடல் பேரோட தேடுங்க, பிராண்டுக்கு பிராண்ட் அர்த்தம் மாறும். ஆனா நான் எண்ணுறதுக்கு முன்னாடியே பாக்குறது ரேமைத்தான், முக்கியமா ரொம்ப நாள் பீரோல மூடி வெச்சிருந்த லேப்டாப்னா.

வாரன்டி முடிஞ்சிருந்தா, ஸ்க்ரூ கழட்ட பயம் இல்லன்னா நீங்களே பண்ணலாம். சார்ஜரைக் கழட்டுங்க, பின் மூடியத் தொறங்க, பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க, இதை மட்டும் மறக்காதீங்க. ரேம் ஸ்டிக்குக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சின்ன வெள்ளிக் கொக்கி இருக்கும், ரெண்டையும் ஒரே நேரத்துல கட்டை விரலால வெளிப்பக்கமா தள்ளுனா ஸ்டிக் தானா டக்குனு சாய்வா எழும்பும், அந்த சாய்வுலயே இழுங்க, நேரா இழுக்காதீங்க. கீழ ஓரத்துல வரிசையா தங்கக் கலர் பல்லு மாதிரி இருக்குல்ல, அதுல கருப்பா மங்கலா இருந்தா பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால மெதுவா ஒரே திசையில தேய்ங்க, தூளை ஊதி விடாதீங்க, எச்சில் தெறிக்கும், காஞ்ச பிரஷ்ஷால தட்டுங்க. திரும்ப சாய்வா சொருகி, தங்கப் பல்லு வெளிய தெரியாத அளவுக்கு உள்ள தள்ளி, கீழ அமுக்குனா ரெண்டு கொக்கியும் க்ளிக்னு கேக்கும். அந்த சத்தம் வரலன்னா சரியா உக்காரல. ரெண்டு ஸ்டிக் இருந்தா ஒண்ணை மட்டும் போட்டுப் பாருங்க, அப்புறம் மாத்திப் போட்டுப் பாருங்க, எது கெட்டதுன்னு தெரிஞ்சிடும். மெலிசான புது லேப்டாப் பலதுல ரேம் போர்டுலயே ஒட்டியிருக்கும், அதுல இந்த வேலை நடக்காது.

ஒவ்வொரு தடவையும் தேதி தப்பா காட்டுது, நெட்டும் வேலை செய்யல.

போர்டுல இருக்குற சின்ன பேட்டரி தீந்திருக்கும், பழைய லேப்டாப் நிறையத்துல சிஆர்2032ன்னு வட்டமா 3 வோல்ட் பேட்டரி. தேதி தப்பா இருந்தா பிரவுசர் எந்த சைட்டையும் நம்பாம செக்யூரிட்டி எர்ரர் காட்டும், அதான் நெட் வேலை செய்யாத மாதிரி தெரியுது. சின்ன செலவுதான், மாத்திடுங்க.

லோகோ வந்து, பூட் பண்ண, அதாவது ஓஎஸ்ஸை ஏத்த, டிவைஸ் எதுவும் இல்லைன்னு இங்கிலீஷ்ல வருது.

பென்டிரைவ் ஏதாவது குத்தியிருந்தா எடுங்க. அப்புறம் பயோஸ்க்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடியே வர்ற லேப்டாப்போட செட்டிங்ஸ் பக்கம்) போங்க: டெல், ஏசர், ஆசஸ்ல எஃப்2, ஹெச்பில எஃப்10, லெனோவால எஃப்1 இல்லன்னா எஃப்2, ஆன் பண்ணின உடனே தட்டிக்கிட்டே இருக்கணும். உள்ள உங்க டிஸ்க் பேரு தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா விண்டோஸோட பூட் ஃபைல் கெட்டிருக்கலாம், இல்லன்னா யாரோ பூட் மோடை மாத்தியிருக்கலாம். தெரியலன்னா டிஸ்க் கழண்டிருக்கும், இல்ல செத்திருக்கும். ஹார்ட் டிஸ்க்ல இருந்து டிக் டிக்னு சீரா சத்தம் வருதுன்னா உடனே ஆஃப் பண்ணுங்க, ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் உள்ள தட்டு மேல கீறல் விழ வாய்ப்பு இருக்கு, முக்கியமான டேட்டான்னா அப்படியே டேட்டா ரிக்கவரி செய்யுறவங்ககிட்ட குடுத்துடுங்க. எஸ்எஸ்டி பெரும்பாலும் சத்தமில்லாமத்தான் போகும்.

வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, இல்லன்னா ரிப்பேர் ஸ்க்ரீன்லயே திரும்பத் திரும்ப வருது.

மாமா லேப்டாப்புக்கு வந்தது இதுதான், இதுக்கு ஃபார்மட் இல்லாமலே நாலஞ்சு வழி இருக்கு. அப்டேட் ஓடுதுன்னு சதவீதம் காட்டிட்டு இருந்தா மொதல்ல ஒரு ரெண்டு மணி நேரம் விடுங்க, சார்ஜர் போட்டு வெச்சிட்டு வேற வேலை பாருங்க. நிஜமாவே நின்னுடுச்சுன்னா, வட்டம் சுத்தும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க, இதே மாதிரி ரெண்டு மூணு தடவை செஞ்சா அடுத்த தடவை விண்டோஸ் தானாவே ரிக்கவரி பக்கத்துக்குப் போகும். அங்க ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்னு போனா ஸ்டார்ட்அப் ரிப்பேர் இருக்கும், அதை ஒரு தடவை ஓட விடுங்க. சரியாகலன்னா அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அதுவும் இல்லன்னா சிஸ்டம் ரீஸ்டோர். அப்புறம் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் 4 அமுக்குனா சேஃப் மோட், அதாவது அவசியமானது மட்டும் ஓடுற விண்டோஸ், அதுல உள்ள போயிட்டீங்கன்னா கடைசியா போட்ட சாஃப்ட்வேரையோ டிரைவரையோ கழட்டுங்க.

சேஃப் மோட் எவ்வளவு பெரிய விஷயம்னு 2024 ஜூலை 19 அன்னைக்கு உலகமே பாத்துச்சு, கிரவுட்ஸ்ட்ரைக் செக்யூரிட்டி சாஃப்ட்வேரோட ஒரு தப்பான அப்டேட்னால சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல ஸ்க்ரீன்ல நின்னுச்சு, ஏர்போர்ட்ல எல்லாம் கையால போர்டிங் பாஸ் எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு வைத்தியம் ஃபார்மட் இல்ல, சேஃப் மோட்ல போய் ஒரே ஒரு வகை ஃபைலை அழிக்கிறதுதான்.

விண்டோஸ் உள்ளயே போக முடியல. ஃபைலை எப்படி வெளிய எடுக்குறது?

8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு, வேற ஒரு கம்ப்யூட்டர், ஃபைலைப் போட்டு வெக்க ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், இது மூணும் போதும். அந்தக் கம்ப்யூட்டர்ல லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஓஎஸ்ஸை டவுன்லோட் பண்ணி ரூஃபஸ்ங்கிற சின்ன சாஃப்ட்வேரால பென்டிரைவ்ல ஏத்துங்க, பென்டிரைவ்ல இருந்தது எல்லாம் போயிடும், அதைப் பாத்துக்கங்க. லேப்டாப்ல குத்திட்டு பூட் மெனுவைத் தொறங்க, டெல் லெனோவால எஃப்12, ஹெச்பில எஃப்9, ஆசஸ்ல எஸ்கேப். மின்ட் பென்டிரைவ்ல இருந்தே ஓடும், இன்ஸ்டால்ங்கிற ஐகானைத் தொடவே வேணாம். ஃபைல் மேனேஜர்ல உங்க விண்டோஸ் டிரைவ் தெரியும், யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள உங்க பேர்ல டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் இருக்கும், எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு இழுத்துப் போடுங்க. எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும்னு சொன்னாலும் கவலை இல்ல, நமக்கு படிச்சா போதும். காப்பி ஆனதும் நாலஞ்சு போட்டோவைத் தொறந்து பாத்துடுங்க, பேரு மட்டும் வந்து உள்ள ஒண்ணும் இல்லாம போன கேஸும் பாத்திருக்கேன்.

பிட்லாக்கர் கீ கேக்குது. நான் எந்த கீயும் வைக்கலையே?

புது விண்டோஸ் 11 லேப்டாப் நிறையத்துல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ள போனதும் பிட்லாக்கர் டிஸ்க்கைத் தானாவே பூட்டிடும், யாரும் நம்மளக் கேக்குறது இல்ல. 48 இலக்க கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், போன்ல லாகின் பண்ணி டிவைசஸ் பகுதியில பாருங்க. காலேஜ், ஆபீஸ் மெயில் போட்டிருந்தா அங்க ஐடி ஆளுங்ககிட்ட கேக்கணும். எங்கயும் கிடைக்கலன்னா அந்த டேட்டாவை யாராலயும் திறக்க முடியாது, காசு குடுத்தா திறந்து தரேன்னு சொல்றவங்களை நம்பி ஏமாறாதீங்க. இப்ப லேப்டாப் நல்லா இருக்குறவங்க இன்னிக்கே அந்தக் கீயை ஒரு நோட்டுல எழுதி வெச்சிடுங்க, தயவு செஞ்சு.

ஃபைல் எடுத்தாச்சு. இப்ப விண்டோஸ் போடலாமா? கீ வாங்கணுமா?

போடலாம். விண்டோஸோட வாங்கின லேப்டாப்னா லைசென்ஸ் கீ வாங்க வேண்டாம், விண்டோஸ் 8 காலத்துல இருந்து கீயை போர்டுலயே பதிச்சுத்தான் தர்றாங்க, அதே எடிஷன் போட்டு நெட் குடுத்தா தானா ஆக்டிவேட் ஆயிடும். காசு குடுக்காம ஆக்டிவேட் பண்ற க்ராக் போடாதீங்க, அந்த ஆக்டிவேட்டர் ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்லும்போதே சந்தேகப்படணும்.

ரிக்கவரி பக்கம் வருதுன்னா ரீசெட் திஸ் பிசி, அதுல ஃபைலை வெச்சுக்கிற ஆப்ஷன் எடுத்தா சாஃப்ட்வேர் மட்டும் போகும். இல்லன்னா மைக்ரோசாஃப்ட் சைட்ல மீடியா கிரியேஷன் டூல் எடுத்து பென்டிரைவ்ல விண்டோஸை ஏத்தி அதுல இருந்து போடுங்க. டிஸ்க் பிரிவைக் காட்டுற பக்கம் வரும்போது அவசரமே படாதீங்க, சி, டின்னு பேரு இருக்காது, பார்ட்டிஷன் 1, 2, 3ன்னு சைஸ் மட்டும்தான் இருக்கும், போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு எது பழைய சி, எது டின்னு சைஸை வெச்சு முடிவு பண்ணிட்டு அப்புறம் டெலீட் அமுக்குங்க. டி டிரைவ்ல கை வைக்காம சி மட்டும் அழிச்சுப் போடலாம், ஆனா அதுக்கும் காப்பி இருக்கட்டும்.

இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க்கே தெரியல.

இன்டெல் 11ஆம் தலைமுறை ப்ராசஸர்ல இருந்து வந்த லேப்டாப் பலதுல இது வரும், டிஸ்க் நல்லாத்தான் இருக்கும். பயோஸ்ல விஎம்டின்னு ஒரு செட்டிங் ஆன்ல இருந்தா விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடலுக்கு இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் எடுத்து, விரிச்சு, அதே பென்டிரைவ்ல போட்டு லோட் டிரைவர் அமுக்கிக் காட்டுங்க. விஎம்டியை ஆஃப் பண்ணாலும் தெரியும், ஆனா பழைய விண்டோஸ் இன்னும் வேணும்னா ஆஃப் பண்ணாதீங்க, அது பூட் ஆகாம போயிடும்.

இந்த டிஸ்க்ல போட முடியாது, எம்பிஆர்னு ஏதோ சொல்லுது.

பென்டிரைவ் யுஇஎஃப்ஐங்கிற புது பூட் மோட்ல ஓடுது, டிஸ்க்கை பார்ட்டிஷனா பிரிச்சிருக்குற முறை பழைய எம்பிஆரா இருக்கு. முழு டிஸ்க்கும் காலியா போனா பரவாயில்லன்னா மட்டும் எல்லா பார்ட்டிஷனையும் அழிச்சிட்டு அந்த காலி இடத்தையே செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் குடுங்க, புது முறையான ஜிபிடியா தானே மாத்திக்கும்.

பாதியில காப்பி எர்ரர் வந்து நிக்குது, ஒவ்வொரு தடவையும் வேற வேற சதவீதத்துல.

வேற பென்டிரைவ், வேற யுஎஸ்பி ஓட்டை, புதுசா டவுன்லோட். அப்பவும் இடம் மாறி மாறி நின்னா ரேமைச் சந்தேகப்படுங்க. ஒரே இடத்துல நின்னா டிஸ்க்.

எல்லாம் முடிஞ்சு வைஃபை வேணும்னு கேக்குது, ஆனா வைஃபையே காட்டல.

வைஃபை டிரைவர் இல்ல. போனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி, போன்ல யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, பெரும்பாலும் அப்படியே நெட் எடுத்துக்கும், அப்டேட் ஓடி டிரைவரும் வந்துடும்.

தண்ணி கொட்டிடுச்சு, அரிசில போட்டு வெச்சிருக்கேன். எப்ப ஆன் பண்றது?

அரிசியிலேர்ந்து எடுத்துடுங்க, அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, தூசிதான் உள்ள போகும். ஆஃப் பண்ணி, சார்ஜரைக் கழட்டி, கூடாரம் மாதிரி கவுத்து வெச்சிட்டு, ஆன் பண்ணிப் பாக்கணும்ங்கிற ஆசையை அடக்கிக்கிட்டு தொறந்து சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. காபி, ஜூஸ்னா இன்னும் சீக்கிரம், காய்ஞ்ச சர்க்கரை போர்டுல ஒட்டிக்கும். வெள்ளத்துல முழுசா முங்கினதா இருந்தாலும் டிஸ்க்ல இருக்குறதை எடுக்க வாய்ப்பு இருக்கு, தூக்கிப் போட்டுடாதீங்க.

அரசு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப் வெச்சிருக்கோம், விண்டோஸ் 11 ஏற மாட்டேங்குது. இனி குப்பைதானா?

இல்லவே இல்ல. தமிழ்நாட்டுல 2011ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல வந்த பழைய லேப்டாப்புங்க விண்டோஸ் 11 கேக்குற டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி வசதி, புது ப்ராசஸர் இதுக்கெல்லாம் ஒத்து வராது, விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. ஆனா மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு போடுங்க, ரேம் ஸ்லாட் காலியா இருந்தா கூட ஒரு ஸ்டிக் போடுங்க, லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇன்னு இருக்குற லேசான எடிஷனை ஏத்துங்க. எதிர் வீட்டு அக்கா பையன் லேப்டாப் ரெண்டு வருஷம் பரண்ல கிடந்துச்சு, போன மே மாசம் இதே மாதிரி பண்ணிக் குடுத்தேன், முன்னாடி ஆன் ஆகுறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சிடலாம்னு அக்கா சொல்வாங்க, இப்ப அதுலதான் அவன் பைத்தான் ப்ரோக்ராமிங் கத்துக்குறான், தமிழ்99 கீபோர்டும் போட்டுக் குடுத்திருக்கேன், அக்கா அதுல மகளிர் குழு கணக்கு டைப் பண்றாங்க, வாரா வாரம் ஞாயித்துக்கிழமை பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டு எனக்கு மெசேஜ் போட்டுடுவாங்க.